ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாமா?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஒரு கல்லூரியில் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். கடற்பாசிச் சாற்றைக் கொண்டு துத்தநாக ஆக்சைடு நுண்துகள்களைத் தயாரித்து, அவை வெயிலில் மெத்திலீன் நீலச் சாயத்தை எந்த அளவுக்குச் சிதைக்கின்றன என்று பார்த்திருக்கிறேன். இது என் முதல் கட்டுரை. நல்ல இதழாகப் பார்த்து நீயே அனுப்பு என்று நெறியாளர் சொல்லிவிட்டார். இதழின் தளத்தில் கணக்குத் தொடங்கினால் பக்கம் பக்கமாகக் கேள்விகள் வருகின்றன. பயந்துபோய்ப் பாதியில் நிறுத்திவிட்டேன். ஆய்வேடு தட்டச்சு செய்து தரும் நிலையம் ஒன்று, ஆறாயிரம் ரூபாய் கொடுத்தால் மதிப்பாய்வாளர் பெயர்கள் உட்பட எல்லாவற்றையும் தாங்களே நிரப்பி அனுப்பிவிடுவதாகச் சொல்கிறது. இன்னொரு புறம், 'யுஜிசி கேர் பட்டியலில் உள்ள இதழ், மூன்றே நாளில் வெளியிடுவோம்' என்று மின்னஞ்சல்கள் வந்தபடி இருக்கின்றன. நான் என்ன செய்வது? அனுப்பிய பிறகு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? அதற்குள் இதே முடிவுகளைக் கருத்தரங்கில் வாசிக்கலாமா?

பதில்: நிலையத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். தட்டச்சு செய்வது, படங்களைச் சீராக்குவது, மேற்கோள் பட்டியலை இதழ் கேட்கும் வடிவத்துக்கு மாற்றுவது ஆகிய வேலைகளுக்குக் கூலி கொடுப்பதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, கடவுச்சொல்லைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, படிவத்தை நிரப்பி அனுப்பும் பொறுப்பை இன்னொருவர் கையில் கொடுப்பது, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கொடுப்பதற்குச் சமம். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் சில கட்டங்கள் இருக்கும்: இந்தக் கட்டுரை வேறெந்த இதழின் பரிசீலனையிலும் இல்லை, கட்டுரையாளர்கள் அனைவரும் இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புக்கொண்டார்கள், முடிவுகள் எங்களுடையவை என்று அவை சொல்லும். அவற்றை யார் விரலால் அழுத்தினாலும் அது உங்கள் வாக்குமூலம்தான். நாளை ஒரு சிக்கல் வந்தால் இதழாசிரியரின் கடிதம் உங்களுக்கும் உங்கள் நெறியாளருக்கும் வருமே தவிர, அந்த நிலையத்துக்குப் போகாது.

இதை நான் வெறும் எச்சரிக்கையாகச் சொல்லவில்லை. கட்டுரையைப் படித்து மதிப்பிடத் தகுந்தவர்கள் யார் என்று பல இதழ்கள் கட்டுரையாளரிடமே பெயர்களைக் கேட்கின்றன. 2012-இல் தென் கொரியாவில் மருத்துவத் தாவரங்களை ஆய்ந்துகொண்டிருந்த ஒருவர், தான் பரிந்துரைத்த மதிப்பாய்வாளர்களுக்கெனப் பொய்யான மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுத்து, தன் கட்டுரைகளுக்குத் தானே மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தது வெளிப்பட்டது. மதிப்புரைகள் ஒரே நாளுக்குள் வந்து சேர்ந்ததுதான் இதழாசிரியருக்குச் சந்தேகத்தை எழுப்பியது. அவருடைய 28 கட்டுரைகள் செல்லாதவை என்று இதழ்களால் திரும்பப் பெறப்பட்டன. 2015 மார்ச் மாதத்தில் பயோமெட் சென்ட்ரல் நிறுவனம் 43 கட்டுரைகளையும், அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்பிரிங்கர் நிறுவனம் 10 இதழ்களிலிருந்து 64 கட்டுரைகளையும் இதே காரணத்துக்காகத் திரும்பப் பெற்றன. இவற்றில் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி ஒன்று உண்டு. பதிப்பு நெறிமுறைக்கான பன்னாட்டுக் குழுவாகிய கோப், 2014-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட அறிக்கையில், இத்தகைய மோசடிகள் சிலவற்றுக்குப் பின்னால், கட்டுரையாளர்களுக்குச் சேவை செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் இடைத்தரகு நிறுவனங்கள் இருப்பதாகத் தெரிகிறது என்று குறிப்பிட்டது. மொழித் திருத்தமும் அனுப்பும் உதவியும் செய்து தருவதாக முன்வந்தவர்களிடம் கட்டுரையை நம்பிக் கொடுத்த ஆய்வாளர்களில், போலி மதிப்பாய்வாளர் பெயர்கள் சேர்க்கப்பட்டதே தெரியாமல் இருந்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் திரும்பப் பெறப்பட்ட கட்டுரையின் மேல் நிற்பது அவர்கள் பெயர்தான். 'மதிப்பாய்வாளர் பெயர்கள் உட்பட' என்று உங்களிடம் சொன்னார்கள் பாருங்கள், அந்த ஒரு சொற்றொடரே நீங்கள் விலகி நிற்கப் போதுமான காரணம்.

மூன்று நாளில் வெளியிடும் இதழ்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் துறையில் ஒரு கட்டுரையை உண்மையிலேயே படித்து, எக்ஸ் கதிர் வரைபடத்தின் உச்சிகளைச் சரிபார்த்து, சாயச் சிதைவின் கணக்கைப் போட்டுப் பார்த்துக் கருத்து எழுத ஒருவருக்கு மூன்று நாள் போதலாம். ஆனால் அவரைத் தேடி, ஒப்புதல் வாங்கி, இரண்டாமவரையும் அப்படியே ஏற்பாடு செய்து, இருவர் கருத்தையும் பார்த்து முடிவெடுத்து, திருத்தச் சொல்லி, திருத்தியதை மீண்டும் படிக்க மூன்று நாள் எந்த வகையிலும் போதாது. 2013-இல் சயின்ஸ் இதழ் ஒரு சோதனை செய்தது. பாசிப்பூஞ்சையிலிருந்து பெற்ற ஒரு மூலக்கூறு புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று அடிப்படைப் பிழைகள் நிறைந்த கட்டுரையை வேண்டுமென்றே தயாரித்து 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு (யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடியவை) அனுப்பியதில், 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. அந்த 304-இல் மூன்றில் ஒரு பங்கு நம் நாட்டிலிருந்து நடத்தப்பட்டவை என்பது நமக்கு வேதனை தரும் செய்தி. ஆசிரியர் குழுவில் பெரிய பெயர்கள் இருக்கின்றனவே என்று நம்பிவிடவும் கூடாது. 2017-இல் வெளியான இன்னொரு சோதனையில், இல்லாத ஓர் ஆய்வாளரின் பெயரில், எந்தத் தகுதியும் இல்லாத தன்விவரக் குறிப்புடன், 360 இதழ்களுக்கு ஆசிரியர் பதவி கேட்டு விண்ணப்பித்தார்கள். 48 இதழ்கள் அவரை நியமித்துவிட்டன.

ஏற்கத்தக்க இதழ்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தொகுத்து வைத்திருந்த கேர் பட்டியல் இன்று நடப்பில் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு அந்தப் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டு, இதழின் தரத்தை அந்தந்தக் கல்வி நிறுவனமே மதிப்பிட்டுக்கொள்ளும் வகையில் அளவுகோல்களை மட்டும் முன்வைத்தது. ஆகவே இன்றைக்கு 'கேர் பட்டியலில் இருக்கிறோம்' என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ், அந்த ஒரு வரியிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற பொதுக் கட்டாயத்தை மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள் நீக்கிவிட்டன. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் அதைத் தம் சொந்த விதியாக வைத்திருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவில் நடப்பிலுள்ள விதியை எழுத்து வடிவில் கேட்டு வாங்குங்கள். இதழ் எந்தத் தரவுத்தளத்தில் இருக்க வேண்டும், கட்டுரை வெளியாகியிருக்க வேண்டுமா அல்லது ஏற்புக் கடிதம் போதுமா என்ற இரண்டும் தெரிந்தாலே உங்கள் அவசரத்தில் பாதி குறையும்.

இதழைத் தேர்ந்தெடுப்பதற்கு நான் என் மாணவர்களிடம் சொல்லும் வழி எளிமையானது. உங்கள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலை எடுத்துவைத்து, எந்த இதழின் பெயர் அடிக்கடி வருகிறது என்று பாருங்கள். உங்கள் கட்டுரையைப் படிக்கக்கூடியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த இதழ்களில் கடந்த இரண்டு ஆண்டுகளில் வந்த, உங்கள் பொருளுக்கு நெருக்கமான நான்கைந்து கட்டுரைகளைப் படியுங்கள். உங்கள் கல்லூரியில் சந்தா இல்லையென்றால் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போங்கள். 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் கீழ், 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. பிறகு இதழின் அடையாளத்தைச் சரிபாருங்கள். ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது தரச்சான்று ஆகாது; அது தொடர் வெளியீடுகளுக்குத் தரப்படும் அடையாள எண், அவ்வளவுதான். ஆய்விதழ்த் தரவுத்தளங்களான ஸ்கோப்பஸின் இதழ்ப் பட்டியலையும் வெப் ஆஃப் சயின்ஸின் முதன்மை இதழ்ப் பட்டியலையும் சந்தா இல்லாமலே பார்க்கலாம். திறந்த அணுக்க இதழ் என்றால் அவ்வகை இதழ்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஓஏஜே பட்டியலில் தேடுங்கள். நல்ல இதழ் ஒன்றின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடி, அதைப்போலவே தளம் அமைத்துப் பணம் பறிப்பவர்களும் இருப்பதால், தேடுபொறி காட்டும் முதல் இணைப்பைச் சொடுக்காமல், இந்தப் பட்டியல்களில் உள்ள இணைப்பு வழியாகவே இதழின் தளத்துக்குள் நுழையுங்கள். அதில் வெளியான பழைய கட்டுரை ஒன்றின் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான இணைய அடையாள எண்) எடுத்து, டிஓஐ தளத்தில் இட்டால் அது அதே கட்டுரைக்குப் போய்ச் சேர வேண்டும்.

பணம் இல்லையே என்ற கவலை உங்கள் கடிதத்தில் வெளிப்படையாக இல்லை, ஆனால் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நேச்சர் இதழ் 2020 நவம்பரில் திறந்த அணுக்க வெளியீட்டுக்கு 9,500 யூரோ கட்டணம் அறிவித்ததைக் கேட்டு, நல்ல இதழ் எல்லாமே பணம் கேட்கும் என்று நினைத்துவிடும் மாணவர்கள் பலர். அது உண்மையில்லை. சந்தா வழியிலும் திறந்த அணுக்க வழியிலும் வெளியிடும் இரட்டை முறை இதழ்களே உங்கள் துறையில் ஏராளம். அவற்றில் சந்தா வழியைத் தேர்ந்தால் கட்டுரையாளர் பொதுவாக எதுவும் செலுத்த வேண்டியதில்லை. படிவத்திலோ, கட்டுரை ஏற்கப்பட்ட பின் வரும் பக்கத்திலோ இந்தத் தேர்வு கேட்கப்படும். அந்த இடத்தில் அவசரமாகத் திறந்த அணுக்கத்தை அழுத்திவிட்டு, பிறகு லட்சக்கணக்கில் ரசீது வந்து கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். குறைந்த வருவாய் நாடுகளுக்குப் பதிப்பகங்கள் தரும் தானியங்கிக் கட்டண விலக்கு இந்தியாவுக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதெமி வெளியிடும் ஜர்னல் ஆஃப் கெமிக்கல் சயின்சஸ், புல்லட்டின் ஆஃப் மெட்டீரியல்ஸ் சயின்ஸ் ஆகிய இரண்டும் உங்கள் ஆய்வுக்கு நெருக்கமானவை. அவற்றின் அண்மை இதழ்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி நீங்கள் பாதியில் நிறுத்திய படிவத்துக்கு வருவோம். எடிட்டோரியல் மேனேஜர், ஸ்காலர்ஒன், இலவச மென்பொருளான ஓஜேஎஸ் என்று கட்டுரைகளைப் பெறும் இணைய அமைப்பு இதழுக்கு இதழ் மாறினாலும் கேட்கப்படும் விவரங்கள் ஏறத்தாழ ஒன்றே. இணையத்தில் உட்கார்ந்து யோசிக்காமல், இதழின் கட்டுரையாளர் வழிகாட்டியை அச்செடுத்து வைத்துக்கொண்டு, எல்லா விடைகளையும் முன்கூட்டியே ஒரு வேர்டு கோப்பில் எழுதி வைத்துவிடுங்கள். பெரும்பாலான அமைப்புகளில் பாதியில் சேமித்துவிட்டு மறுநாள் தொடரலாம் என்பதால், நீங்கள் நிறுத்தி வைத்ததும் அப்படியே இருக்கக்கூடும்.

முதல் தடங்கல் நம் பெயர்களில் வருகிறது. இந்தப் படிவங்கள் குடும்பப் பெயர் உள்ள சமூகங்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. எஸ். கவிதா என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். குடும்பப் பெயர்க் கட்டத்தில் 'எஸ்' என்ற ஓரெழுத்தை மட்டும் இட்டால் சில தளங்கள் ஏற்காது. ஏற்றாலும், பிற்காலத்தில் மற்றவர்கள் மேற்கோள் காட்டும்போது 'எஸ், கே.' என்று இரண்டு எழுத்துகள் மட்டுமே நிற்கும், யாருடைய கட்டுரை என்றே தெரியாது. ஒரு கட்டுரையில் முதலெழுத்து முன்னாலும், அடுத்ததில் பின்னாலும், திருமணத்துக்குப் பின் வேறு முதலெழுத்தோடும் வெளியிட்டால் தரவுத்தளங்கள் ஒருவரையே மூன்று பேராகப் பிரித்துவிடும். தந்தை பெயரை முழுதாக விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இடுவதா, உங்கள் பெயரையே அங்கு இட்டு முதலெழுத்தை மற்றொரு கட்டத்தில் இடுவதா என்பதைப் பட்டச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் பார்த்து, இந்த முதல் கட்டுரையிலேயே முடிவு செய்து, எழுத்துக்கூட்டல் உட்பட அதையே வாழ்நாள் முழுதும் பின்பற்றுங்கள். ஆய்வாளரை அடையாளம் காட்ட 2012 முதல் இலவசமாகத் தரப்படும் 16 இலக்க ஆர்கிட் எண்ணை அனுப்பும் முன்பே பெற்று, அதில் கல்லூரி மின்னஞ்சல், சொந்த மின்னஞ்சல் இரண்டையும் இணைத்துவிடுங்கள். ஆய்வு முடிந்ததும் கல்லூரி முகவரி முடங்கிவிடும், ஆர்கிட் முடங்காது.

அடுத்தது கட்டுரையாளர் பட்டியல். துறைத்தலைவர் பெயரையும், கருவியில் மாதிரியைப் போட்டுக் கொடுத்தவர் பெயரையும் மரியாதைக்காகச் சேர்க்கும் பழக்கம் நம் கல்லூரிகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகள் இன்று பல துறைகளிலும் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன: ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ விளக்கத்திலோ குறிப்பிடத்தக்க பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்கும் சம்மதம். நான்கும் பொருந்தினால்தான் கட்டுரையாளர். மற்றவர்களுக்கு நன்றியுரையில் இடம் உண்டு, அது மரியாதைக் குறைவு ஆகாது. பல தளங்கள் இப்போது ஒவ்வொருவரின் பங்கையும் 14 வகைகளில் எது என்று குறிக்கச் சொல்கின்றன. இதை நெறியாளருடன் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்; தொடர்புக்குரிய கட்டுரையாளர் யார் என்பதையும் அப்போதே தீர்மானியுங்கள். அனுப்பிய பின் பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ எல்லோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் காரணமும் கேட்பார்கள். அனுப்பியவுடன் இணைக் கட்டுரையாளர் ஒவ்வொருவருக்கும் உறுதிப்படுத்தக் கோரி மின்னஞ்சல் போகும். அது எரிதக் (ஸ்பேம்) கோப்புறையில் விழுந்து கிடப்பது வாடிக்கை, தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மதிப்பாய்வாளர் பெயர்களை நீங்களே கொடுக்க முடியும், அது பெரிய காரியம் இல்லை. உங்கள் மேற்கோள் பட்டியலில், ஒளிவினையூக்கத்தில் (ஒளி பட்டு நடக்கும் வினையூக்கம்) தொடர்ந்து வேலை செய்து வருபவர்களாகப் பாருங்கள். உங்களோடோ நெறியாளரோடோ அண்மை ஆண்டுகளில் சேர்ந்து எழுதியவர்கள், ஒரே நிறுவனத்தவர், உறவினர், நெறியாளரின் பழைய மாணவர் ஆகியோர் கூடாது. அவர்களுடைய நிறுவனப் பக்கத்திலோ வெளியான கட்டுரையிலோ உள்ள மின்னஞ்சலையே கொடுங்கள். அனைவரும் ஒரே ஊர்க்காரர்களாகவோ ஒரே நாட்டவராகவோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதழாசிரியர் இவர்களை அழைக்கலாம், அழைக்காமலும் இருக்கலாம். ஆனால் நீங்கள் துறையை அறிந்தவர் என்பது இந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிடும்.

இதழாசிரியருக்கு எழுதும் முகப்புக் கடிதத்தில்தான் முதல் கட்டுரையாளர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். 'மதிப்புமிக்க தங்கள் இதழில் வெளியிட்டு அருள வேண்டும், பட்டம் முடிக்க இது எனக்கு மிகவும் தேவை' என்ற வகையில் எழுதப்பட்ட கடிதங்கள் ஆசிரியர் குழுவிலிருந்த காலத்தில் என் பார்வைக்கு நிறைய வந்தன. அவற்றை எழுதியவர்களின் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த வரி கட்டுரைக்கு எந்த வலுவும் சேர்ப்பதில்லை. உங்கள் பொருளில் பிரச்சினை இதுதான்: தாவரச் சாற்றில் துத்தநாக ஆக்சைடு தயாரித்ததாகக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. இதில் புதிது என்ன என்பதே இதழாசிரியர் மனத்தில் எழும் முதல் கேள்வி. நீங்கள் எடுத்துக்கொண்ட பாசி இனம் எது, அதன் சாற்றிலுள்ள எந்தப் பொருள் துகளின் அளவையோ வடிவத்தையோ தீர்மானிக்கிறது என்று காட்டியிருக்கிறீர்களா, கடையில் வாங்கும் துத்தநாக ஆக்சைடோடு ஒப்பிட்டால் சிதைவு வேகம் எவ்வளவு கூடியது, ஒரே தூளை எத்தனை முறை மீண்டும் பயன்படுத்த முடிந்தது என்பவற்றில் உங்களிடம் உள்ள வலுவான விடையை மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள். பிறகு இந்த இதழ் ஏன் என்று ஒரு வாக்கியம், உறுதிமொழி ஒரு வாக்கியம். கடிதம் முடிந்தது. இந்தக் கேள்விகளுக்கு விடை கட்டுரையிலேயே இல்லையென்றால், இன்னும் அனுப்பாதீர்கள். வினையூக்கி இல்லாமல் வெயிலில் மட்டும் வைத்த சாயக் கரைசல், வினையூக்கி இட்டு இருளில் வைத்த கரைசல் ஆகிய இரண்டு ஒப்பீட்டுச் சோதனைகளும் இல்லாத கட்டுரையை எந்த மதிப்பாய்வாளரும் திருப்பித்தான் அனுப்புவார். சாயம் வினையூக்கியால் சிதைந்ததா, துகளின் பரப்பில் வெறுமனே ஒட்டிக்கொண்டதா என்று பிரித்தறிய அவை அடிப்படைத் தேவை.

உறுதிமொழிப் பகுதியை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். நிதி உதவி இருந்தால் திட்ட எண்ணோடு, இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். மொழியைச் சீராக்கச் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தியிருந்தால் இதழின் விதிப்படி அதை வெளிப்படையாகத் தெரிவியுங்கள். அத்தகைய கருவியைக் கட்டுரையாளராகச் சேர்க்க முடியாது என்று கோப் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிறர் எழுத்தோடு ஒப்பிடும் சொற்பொருத்தச் சோதனையில் பத்து விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறது என்று நிம்மதி அடைவதிலும் ஓர் ஆபத்து உண்டு. அந்தப் பத்து விழுக்காடு மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறையில் தண்டனைக்கான எல்லையாகச் சொல்லப்பட்டது. இதழாசிரியர் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. முடிவுகளை விளக்கும் பகுதியில் ஒரே ஒரு பத்தி வேறொருவருடையதாக இருந்தாலும் கட்டுரை திரும்பி வரும்.

கோப்புகளை ஏற்றும்போது, மின்னணு நுண்ணோக்கிப் படங்களில் அளவுகோடு தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். வேர்டு கோப்பில் ஒட்டிய படத்தை மீண்டும் நகலெடுத்து ஏற்றாமல், கருவி தந்த மூலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல் தனிக் கோப்பாக ஏற்றுங்கள். எல்லாம் ஏற்றியதும் தளம் அவற்றை ஒன்றாக்கிப் பிடிஎஃப் கோப்பு ஒன்றை உருவாக்கும். அதை முழுக்கத் திறந்து படியுங்கள். வேதி வாய்பாடுகளில் கீழெழுத்துகள் சாதாரண எண்களாக மாறியிருக்கும், டிகிரிக் குறி பெட்டியாகத் தெரியும், ஒரு வரைபடம் பக்கத்துக்கு வெளியே போயிருக்கும். இவற்றைச் சரிசெய்த பிறகு, ஒப்புதல் தரும் பொத்தானை அழுத்த வேண்டும். பிடிஎஃப் உருவானதோடு வேலை முடிந்தது என்று எண்ணித் தளத்தை மூடிவிட்டு, கட்டுரை மதிப்பாய்வில் இருப்பதாக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. கட்டுரையோ கட்டுரையாளர் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் பட்டியலிலேயே கிடந்திருக்கும். கட்டுரை எண்ணோடு இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தால்தான் அது போய்ச் சேர்ந்தது என்று பொருள்.

அதன் பிறகு காத்திருப்பு. இதழின் பொருளெல்லைக்குள் வராத கட்டுரையை இதழாசிரியரே ஓரிரு வாரங்களில் திருப்பிவிடுவார். அது உங்களுக்கு நல்லதுதான், அடுத்த இதழுக்குப் போகலாம். 'ஆசிரியரிடம் உள்ளது' என்ற நிலை வாரக்கணக்கில் மாறாமல் இருந்தால், பெரும்பாலும் மதிப்பாய்வாளர்கள் ஒப்புக்கொள்ள மறுத்துக்கொண்டிருக்கிறார்கள், இதழாசிரியர் அடுத்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று கொள்ளலாம். மதிப்பாய்வுக்குப் போன பின் இரண்டு மூன்று மாதம் ஆவது இயல்பு. மூன்று மாதம் கடந்தும் செய்தி இல்லையென்றால், கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டு, பணிவாக இரண்டு வரி எழுதிக் கேட்கலாம். அதில் தவறே இல்லை. பொறுமை இழந்து இன்னொரு இதழுக்கும் அதே கட்டுரையை அனுப்புவது மட்டும் மன்னிக்கப்படாத குற்றம். இரு இதழ்களும் ஒரே மதிப்பாய்வாளரை அழைப்பது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. வேறிடம் போக வேண்டுமானால், திரும்பப் பெறுவதாக எழுதி, அதற்கு ஒப்புதல் வந்த பிறகே போங்கள்.

திருத்தம் கேட்டு வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். கேள்விகள் கடுமையாக இருந்தாலும் கதவு திறந்திருக்கிறது என்றே அதற்குப் பொருள். ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்து எழுதி, அதன் கீழே என்ன செய்தீர்கள், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் என்று பதில் எழுதுங்கள். ஒப்புக்கொள்ள முடியாத கருத்துக்குத் தரவுகளோடு மறுப்புச் சொல்லலாம். சோதனையை மீண்டும் செய்ய வேண்டியிருந்து கெடு போதவில்லையென்றால், கெடு முடியும் முன்பே அவகாசம் கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். திருத்திய கட்டுரையைப் பழைய எண்ணின் கீழ், திருத்தத்துக்கான இணைப்பு வழியாகவே ஏற்ற வேண்டும். புதிய கட்டுரையாக ஏற்றிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

கருத்தரங்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாசிக்கலாம். வாய்மொழியாகவோ சுவரொட்டியாகவோ வைத்து, ஒரு பக்கச் சுருக்கம் மட்டும் வெளியாகுமானால் பெரும்பாலான இதழ்கள் அதை ஏற்கெனவே வெளியான கட்டுரையாகக் கருதுவதில்லை. முகப்புக் கடிதத்தில் ஒரு வரி குறிப்பிட்டால் போதும். ஆனால் நம் கல்லூரிக் கருத்தரங்குகளில் முழுக் கட்டுரையையும் வாங்கி, ஐஎஸ்பிஎன் எண்ணோடு தொகுப்பு நூலாக அச்சிடும் வழக்கம் இருக்கிறது. அப்படி ஒரு தொகுப்பில் முழுக் கட்டுரையும் வந்துவிட்டால் அதே முடிவுகளை இதழ் ஏற்காது. பதிவுக் கட்டணம் செலுத்தும் முன்பே அமைப்பாளர்களிடம், சுருக்கம் மட்டும் தந்தால் போதுமா என்று எழுதிக் கேட்டு, அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.